நாயும் குழந்தையும் பூனையும் கோழியும் ஒரே வீட்டில்: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாய்களைத் தேற்றி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்கும் வேலையைப் பதினோரு வருடமாகச் செய்துவருகிறேன். என் வீட்டிலேயே இப்போது ஒரு நாட்டு நாய், ஒரு சிப்பிப்பாறைக் கலப்பு, இரண்டு பூனைகள், பின்கட்டில் ஏழெட்டுக் கோழிகள், நான்கு வயதில் ஒரு மகள். நாயைக் கொடுத்த வீடுகளிலிருந்து பிறகு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இரண்டே ரகம்: பிள்ளையைப் பார்த்து உறுமுகிறது, அல்லது பூனையையோ கோழியையோ பிடித்துவிட்டது. எல்லோரும் சொல்லும் வாக்கியமும் ஒன்றே: "கூடவேதான் இருந்தோம், ஒரு நிமிஷம்தான் திரும்பினேன்."

அந்த ஒரு நிமிடத்தில் குக்கர் விசில் அடித்திருக்கும், கூரியர்காரர் மணி அடித்திருப்பார், போன் வந்திருக்கும். கெட்ட நாய் என்று நினைத்து நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் நாயிடம் கோளாறு இல்லை. நடுவில் ஒரு கதவு இல்லாததுதான் கோளாறு.

ஏற்கெனவே கடியோ கீறலோ விழுந்திருந்தால் மற்றதை அப்புறம் படிக்கலாம். நேரே கடைசி அறிகுறிக்குப் போங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இவற்றைப் பாருங்கள்

இப்போது யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? வீட்டில் ஐந்து பேர் இருந்தால், ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்ப்பதாக நினைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வோம்: "நான் பார்க்கிறேன்", "சரி, இனி நீ பார்." சொல்லாமல் யாரும் எழுவதில்லை. பாட்டி தாத்தாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போவதாக இருந்தால், முழங்கால் வலி உள்ளவரால் சட்டென்று எழ முடியுமா என்பதையும் யோசியுங்கள். ஏழு வயது அண்ணனை நம்பித் தம்பியையும் நாயையும் விடவே கூடாது.

எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள்? கை எட்டும் தூரம்தான் கணக்கு. சோபாவில் உட்கார்ந்து போனைப் பார்த்தபடி அவ்வப்போது தலை நிமிர்வது பார்த்துக்கொள்வதில் சேராது. நாய் ஒரு கடி கடித்துத் திரும்ப ஒரு நொடி போதும்.

நடுவில் தடுப்பு உண்டா? கடையில் விற்கும் மடக்குக் கேட்தான் வேண்டும் என்பதில்லை. தச்சரிடம் சொல்லி நிலைவாசலுக்கு இடுப்புயரத்தில் ஒரு பலகைக் கதவு போட்டால் போதும். கம்பிக் கேட் என்றால் கம்பிகளுக்கு நடுவே பிள்ளையின் தலையோ நாயின் மூஞ்சியோ நுழையக் கூடாது.

இந்த மூன்றையும் சேர்த்து எல்லா வீட்டுக்கும் ஒரே விதியைத்தான் சொல்கிறேன்: எழுந்தால் ஒருவரைக் கூட்டிக்கொண்டு எழுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள், அல்லது நாயைக் கூப்பிட்டுக்கொண்டு போங்கள். இரண்டு பேரையும் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போகாதீர்கள். இதை ஒரு வாரம் விடாமல் கடைப்பிடித்த வீடுகளில் பாதிப் பிரச்சினை அதோடு நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி 1: பிள்ளை பக்கத்தில் வந்தால் நாய் உறுமுகிறது

அடிக்காதீர்கள், அதட்டாதீர்கள். "போதும், தள்ளிப் போ" என்று நாய் தனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறது. அடித்து அந்தப் பேச்சை நிறுத்திவிட்டால், அடுத்த முறை பேசாமலே கடிக்கும். "முன்னறிவிப்பே இல்லாமல் கடித்தது" என்று சொல்லும் வீடுகளில் கொஞ்சம் விசாரித்தால், முன்பு உறுமியபோதெல்லாம் அடி விழுந்திருக்கும்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: சத்தம் போடாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விலகுங்கள். நாயின் பெல்ட்டைப் பிடித்து இழுக்க வேண்டாம், கோபம் உங்கள் கை மேல் திரும்பும். அப்புறம் உட்கார்ந்து யோசியுங்கள்: எப்போது உறுமியது?

*படுத்திருக்கும்போது மட்டும் என்றால்*

எளிய காரணம், தூக்கம் கலைகிறது. வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதி நேரமாவது தூங்கும். கூடத்தின் நடுவிலும் நடையிலும் கட்டிலுக்கு அடியிலும் படுக்கிற நாயை, தவழும் பிள்ளை அரை மணிக்கு ஒருமுறை எழுப்பிக்கொண்டிருக்கும். படுக்கும் சாக்கையோ பாயையோ ஆள் நடமாட்டம் இல்லாத மூலைக்கு, தடுப்புக்கு அந்தப் பக்கம் மாற்றுங்கள். அந்த இடத்துக்குப் பிள்ளை எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது, பந்து உருண்டு போனாலும் பெரியவர்தான் எடுத்துத் தர வேண்டும். நாயை எழுப்ப வேண்டுமென்றால் தள்ளி நின்று பெயர் சொல்லி எழுப்புங்கள்.

வயதான நாயாக இருந்தால் பின்னால் நின்று மெல்லக் கை தட்டிப் பாருங்கள். காது திரும்பவில்லை என்றால் கேட்கும் திறன் குறைந்திருக்கலாம். கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை பிள்ளை இருக்கும் அறையில் அந்த நாய் தூங்க வேண்டாம்.

*சோற்றுத் தட்டு, எலும்பு, பொம்மை பக்கத்தில் மட்டும் என்றால்*

"சாப்பிடும்போது தட்டில் கை விட்டுப் பழக்க வேண்டும்" என்று ஒரு யோசனை ஊர் முழுக்கச் சுற்றுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். சாப்பாட்டில் கை வைக்க வருகிறார்கள் என்ற எண்ணத்தைத்தான் அது நாய்க்குப் பழக்கும்.

சுலபமான வழி இடம் மாற்றுவது. கதவு சாத்திய இடத்தில் சோறு வையுங்கள். தின்று முடித்து நாய் வெளியே வந்த பிறகு தட்டை எடுத்துவிடுங்கள். எலும்பு கொடுப்பதும் அதே கதவுக்குப் பின்னால்தான். பிள்ளை பிஸ்கட்டோ முறுக்கோ கையில் வைத்துக்கொண்டு நடக்கும் நேரம் நாய்க்கு உள்ளே இருக்கும் நேரம். இரண்டு வயதுப் பிள்ளையின் கை சரியாக நாயின் வாய் உயரத்தில் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். பிடுங்கும்போது விரலும் சேர்ந்து போகும்.

இதோடு கூட, பெரியவர் ஒருவர் மட்டும் ஒரு பயிற்சி செய்யலாம். நாய் தின்னும்போது அது கண்டுகொள்ளாத தூரத்தில் கடந்து போங்கள். போகிற போக்கில் வேகவைத்த ஈரல் துண்டு ஒன்றைத் தட்டுப் பக்கம் வீசிவிட்டு நிற்காமல் நடங்கள். நாட்கள் செல்லச் செல்ல, ஆள் வந்தால் சோறு குறையாது, கூடும் என்று அது புரிந்துகொள்ளும். பிள்ளையை இந்தப் பயிற்சிக்குள் கொண்டுவராதீர்கள்.

காலித் தட்டையே காக்கிறது, சோபாவையோ உங்களையோ காக்கிறது, ஒருமுறையேனும் பல் பட்டுவிட்டது என்றால் வீட்டு வைத்தியம் அதோடு போதும். கால்நடை மருத்துவரையும், அடிக்காமல் பழக்கத் தெரிந்த ஒரு பயிற்சியாளரையும் கூப்பிடுங்கள்.

*தொட்டால் மட்டும், அதுவும் குறிப்பிட்ட இடத்தில் என்றால்*

வலி. இதை நான் தயங்காமல் முதலில் சந்தேகிப்பேன். நான் கொடுத்த ஒரு லாப்ரடாரைத் "குழந்தையைக் கடிக்க வருகிறது" என்று திருப்பி அனுப்பினார்கள். வண்டியிலிருந்து இறங்கும்போதே தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறிக்கொண்டிருந்தது. காதைத் தூக்கினால் கெட்ட வாடை, உள்ளே சீழ். அந்த வீட்டுப் பிள்ளைக்கு அதன் தொங்கு காதைப் பிடித்து விளையாட ஆசை. மூன்று வாரம் மருந்து விட்டதும் காது ஆறியது, உறுமலும் போனது. அதே வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. அதுவரை அது பட்ட வலியை ஒருவரும் கேட்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியவை: காதில் வாடை, தலை உதறல். ஒரே பக்கமாக மெல்லுதல், கடினமானதைத் தின்ன மறுத்தல். எழுந்திருக்கும்போது பின்னங்கால் தடுமாறுதல், படி ஏறத் தயங்குதல். கால் விரல் இடுக்கிலும் காது மடலுக்குள்ளும் உண்ணி. நாய் நிம்மதியாக இருக்கும்போது பெரியவர் ஒருவர் கழுத்திலிருந்து வால் வரை மெல்லத் தடவிப் பாருங்கள். உடம்பு விறைத்தால் அந்த இடத்தோடு நிறுத்திவிடுங்கள். அந்த இடத்தைத்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மனிதருக்கான வலி மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமாலும் ஐபுப்ரூஃபனும் நாய்க்கு விஷமாகலாம்.

*இதுவரை உறுமாத நாய் திடீரென்று என்றால்*

உண்ணிக் காய்ச்சல் இருக்கலாம், நம் ஊரில் அது சர்வ சாதாரணம். சோறு எடுக்காமல் சோர்ந்து கிடக்கும், ஈறு வெளுத்திருக்கும். குட்டி போட்ட தாயாக இருந்தால் முதல் சில வாரம் வீட்டுக்காரரையே அண்ட விடாது. தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டு ஒளிந்திருக்கும் நாயைப் பிள்ளை தேடிப் போய் இழுத்தாலும் இதுதான் நடக்கும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியிலோ தகரக் கொட்டகையிலோ கட்டிப்போட்ட நாய்க்கும் பொறுமை இருக்காது.

கூடவே குரல் மாறிப்போனது, வாயில் ஓயாமல் எச்சில், தாடை தொங்குகிறது, தண்ணீர் விழுங்க முடியவில்லை, கட்டையையும் கல்லையும் கடிக்கிறது, நடை தள்ளாடுகிறது என்று ஏதாவது இருந்தால் வெறிநோயாக இருக்கலாம். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கை விடாதீர்கள். கதவைச் சாத்தித் தனியே விட்டு, உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். சமீபத்தில் அதன் எச்சில் யார் மேல் பட்டது என்று நினைவுபடுத்தி எழுதிவையுங்கள்.

*பிள்ளையைக் கண்டாலே, எந்நேரமும் என்றால்*

இது பயம். தெருவில் கல்லடி பட்ட நாய்களுக்குச் சிறு பிள்ளைகளின் கீச்சுக் குரலும் கை வீச்சும் பழைய நினைவு. பிள்ளையின் கையால் பிஸ்கட் கொடுக்கச் சொல்லிச் சிநேகம் பிடிக்க வைக்கும் முயற்சி வேண்டாம். பிஸ்கட் ஆசையில் நாய் பக்கத்தில் வரும், தின்று முடித்ததும் தான் எங்கே நிற்கிறோம் என்று மிரண்டு கடிக்கும். இரண்டு கதவு நடுவில் வைத்து முழுசாகப் பிரியுங்கள், உதவிக்கு ஒரு பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள். சில மாதம் பொறுத்தும் மாறவில்லை என்றால், பிள்ளைகள் இல்லாத வேறு வீடு பார்ப்பதில் வெட்கமே இல்லை. நானே அப்படி நாய்களை மாற்றி வைத்திருக்கிறேன். அவை அங்கே நிம்மதியாக இருக்கின்றன.

அறிகுறி 2: உறுமவில்லை, ஆனால் ஏதோ சரியில்லை

நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பிள்ளை சிரிக்கும் புகைப்படங்கள் எனக்கு நிறைய வரும். பிள்ளையைப் பார்க்காமல் நாயை மட்டும் பாருங்கள். முகத்தை வேறு பக்கம் திருப்பியிருக்கிறதா? கடைக்கண்ணில் வெள்ளை பிறை போலத் தெரிகிறதா? தின்ன எதுவும் இல்லாமலே நாக்கால் மூக்கைத் துழாவுகிறதா? தூக்கம் வராமலே கொட்டாவியா? காது பின்னால் ஒட்டியிருக்கிறதா? இதெல்லாம் "எனக்கு வேண்டாம்" என்பதன் மெல்லிய குரல்.

இவற்றில் மிக மோசமானது அசையாமல் உறைந்து நிற்பது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த வாய் பட்டென்று மூடும், உடம்பு கல்லாகும். அடுத்து வருவது கடியாக இருக்கலாம். அந்த நொடியிலேயே பிள்ளையை எடுங்கள். "எவ்வளவு பொறுமை பார், என்ன செய்தாலும் அசைய மாட்டான்" என்று பெருமைப்படும் வீடுகளைத்தான் நினைத்து நான் அதிகம் பயப்படுகிறேன்.

வால் ஆடுகிறதே என்பார்கள். இடுப்பே சேர்ந்து குழைய ஆடினால் சந்தோஷம். உடம்பு விறைத்து, வால் மட்டும் உயர நின்று வெடுக் வெடுக்கென்று ஆடினால் சந்தோஷம் இல்லை.

மூன்று நொடிச் சோதனை என்று ஒன்று உண்டு, முதலில் நீங்கள் செய்து பாருங்கள். நாயே உங்களிடம் வரட்டும். மார்புப் பக்கமோ தோளிலோ மூன்று எண்ணும் வரை தடவி, கையை எடுத்துவிடுங்கள். மூக்கால் முட்டி இன்னும் கேட்டால் தொடரலாம். விலகினாலோ சும்மா நின்றாலோ அதோடு சரி. பிள்ளைக்கு மூன்று எண்ணத் தெரியும் வயது வந்ததும் இதையே விளையாட்டாகச் சொல்லிக்கொடுங்கள். என் மகள் இப்போது வீட்டுக்கு வரும் பெரியவர்களையே "மூணு ஆச்சு, கையை எடுங்க" என்று அதட்டுகிறாள்.

அறிகுறி 3: பிள்ளை ஓடினால் துரத்துகிறது, துணியைக் கவ்வுகிறது, தள்ளிவிடுகிறது

குட்டியாகவோ இளம் நாயாகவோ இருந்தால் பெரும்பாலும் விளையாட்டுதான். ஆனால் விளையாட்டாகப் பட்ட பல்லும் பல்தான். முதலில் பார்க்க வேண்டியது, நாய் இன்று வெளியே நடந்ததா என்று. நாள் முழுக்கச் சங்கிலியில் கிடந்த நாயை மாலையில் அவிழ்த்துவிடும் அதே நேரம் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து கூடத்தில் ஓடினால் வேறென்ன நடக்கும்? காலையும் மாலையும் அரை மணி நேரம் நடத்திக் கூட்டிவந்து, அப்புறம் ஒரே அறையில் விடுங்கள்.

அடுத்தது நாயின் இனம். சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்தப் பழக்கப்பட்ட வம்சம். ஓடுவதைத் துரத்துவது அவற்றின் ரத்தத்தில் இருக்கிறது, அடித்துப் போக்க முடியாது. ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்குப் பேர்போனவை. உங்கள் பிள்ளையோடு ஓடிப்பிடித்து விளையாடும் பக்கத்து வீட்டுப் பையனை, பிள்ளையைத் துரத்தும் ஆளாக அவை நினைக்கக்கூடும். விருந்தாளிப் பிள்ளைகள் வரும் நாளில் நாய் உள்ளறையில்தான் இருக்க வேண்டும், பேச்சே இல்லை.

பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியது: நாய் துரத்தினால் ஓடாதே, கத்தாதே. மரம் மாதிரி நில், கையை மார்போடு கட்டிக்கொள், தரையைப் பார். விழுந்துவிட்டால் ஆமை மாதிரி சுருண்டு காதையும் கழுத்தையும் கையால் மூடு. வாரம் ஒருமுறை, நாய் இல்லாத நேரத்தில், விளையாட்டாகச் செய்து பழகினால்தான் தேவைப்படும்போது வரும். தெருநாய்க்கும் இதுவே உதவும்.

துரத்தும்போது சத்தமே இல்லாமல் தலையைத் தாழ்த்தி, வைத்த கண் வாங்காமல் பாய்கிறது, அல்லது காலிலும் கையிலும் பல் தடம் விழுகிறது என்றால் இனி இது விளையாட்டு இல்லை. ஆள் கூப்பிடுங்கள்.

அறிகுறி 4: தூளியைச் சுற்றிச் சுற்றி வருகிறது

இதை யாரும் எச்சரித்து நான் கேட்டதில்லை. சேலையில் கட்டிய தூளி தரைக்கு ஒன்றரை அடி மேலே ஆடுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று நாய்க்குத் தெரியாது. துணிக்குள் ஏதோ நெளிகிறது, கீச்சென்று அழுகிறது, வருகிறது, போகிறது. துரத்தும் புத்தியுள்ள நாயை இழுக்க இதைவிட வேறொன்று வேண்டாம். நிற்கும் தொட்டிலை முகர்ந்துவிட்டுப் போகும் நாய்கூட ஆடும் தூளியை எம்பிப் பிடிக்கப் பார்க்கும்.

சரிசெய்வது சுலபம். தூளி கட்டும் அறைக்குக் கதவு இருக்க வேண்டும், பிள்ளை உள்ளே இருக்கும்வரை அது சாத்தியிருக்க வேண்டும். ஹூக் கூடத்தில்தான் இருக்கிறது என்றால் அந்த நேரம் நாய் வெளியே. தூளியை உயர்த்திக் கட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள், பிள்ளை விழும் உயரம்தான் கூடும்.

பிள்ளை பிறந்து வீட்டுக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பே இந்தக் கதவுப் பழக்கத்தைத் தொடங்கிவிடுங்கள். பிள்ளை வந்த அன்றைக்கே நாயைக் கொல்லையில் கட்டினால் அதற்கு ஒன்றும் புரியாமல் குரைத்துத் தீர்க்கும். நடக்கும் நேரம், சோறு போடும் ஆள், படுக்கும் இடம் எல்லாம் மெல்ல மெல்ல முன்கூட்டியே மாறட்டும். பிள்ளை தவழத் தொடங்கும் ஆறேழு மாதத்தில் எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை பாருங்கள். தூளியில் கிடந்த பிள்ளையோடு ஒத்துப்போன நாய், தன்னை நோக்கி ஊர்ந்து வரும் பிள்ளையைப் புதிதாகத்தான் பார்க்கும்.

அறிகுறி 5: பிள்ளைதான் நாயை விடுவதில்லை

வாலை இழுப்பது, மேலே ஏறி உட்கார்வது, கண்ணில் விரல் விடுவது. மூன்று வயதுக்குள் சொல்லித் திருத்த முடியாது, பிரித்து வைக்கத்தான் முடியும். நாய் தானாக விலகிப் போக எப்போதும் ஒரு வழி திறந்திருக்க வேண்டும். சுவர் மூலையிலும் சோபா இடுக்கிலும் மாட்டிக்கொண்ட நாய்தான் கடிக்கிறது. கட்டிப்போட்ட நாயிடம் பிள்ளையை விடவே கூடாது, அதற்கு ஓடவும் வழியில்லை. பிள்ளைகளுக்குக் கடி பெரும்பாலும் முகத்திலும் கழுத்திலும் விழுவதற்கு அவர்கள் உயரமும், முத்தம் கொடுக்கக் குனிவதும் காரணம்.

அறிகுறி 6: பூனையைத் துரத்துகிறது

பூனைக்கு ஏற இடம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. அலமாரி மேல், பரண், ஜன்னல் திட்டு, எதுவானாலும் நாய்க்கு எட்டாமல், அறைக்கு ஒன்றாவது வேண்டும். பூனையின் சோறும், அது மலம் கழிக்கும் மண் தட்டும் நாய் போக முடியாத இடத்துக்குப் போகட்டும். பாதி வீடுகளில் இதுவே போதும், ஏனென்றால் ஓடாத பூனையை நாய் பெரும்பாலும் துரத்துவதில்லை.

புதிதாகச் சேர்ப்பதென்றால் முதல் வாரம் மூடிய கதவுக்கு இருபுறமும் இருக்கட்டும். ஒன்று படுத்த துணியை மற்றதன் இடத்தில் போட்டு வாடை பழகட்டும். அப்புறம் நாயைக் கயிற்றில் பிடித்து, தடுப்புக்கு அப்பால் பூனை தெரிய, ஐந்து நிமிடம். பூனையைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தால் ஈரல் துண்டு. கூப்பிட்டும் திரும்பாமல் விறைத்துப் பார்த்தால் தூரத்தைக் கூட்டுங்கள். பூனையைக் கையில் தூக்கி நாயிடம் "அறிமுகம்" செய்யாதீர்கள். பூனை உங்கள் முகத்தில் ஏறும், அல்லது நாயின் கண்ணைக் கீறும். கருவிழியில் நகம் பட்டால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

வீட்டுப் பூனையோடு ஒன்றாகப் படுக்கும் நாயே தெருப் பூனையைக் கொன்றுவிடும். உள்ளே ஒத்துப்போனதை வைத்து வெளியிலும் நம்ப வேண்டாம்.

அறிகுறி 7: முயல் கூண்டு முன்போ பறவைக் கூண்டு முன்போ அசையாமல் உட்கார்ந்திருக்கிறது

"பாசமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறது" என்று சொல்வார்கள். காது முன்னால் குவிந்து, வாய் மூடி, கண் கொட்டாமல் பார்ப்பது வேட்டையின் முதல் படி. கூண்டுக்குள் இருக்கும் உயிருக்கு அது நாள் முழுக்க நீளும் பயம். முயல் அதிர்ச்சியிலேயே செத்துப்போகக்கூடிய பிராணி. நாயின் பல் படவே வேண்டியதில்லை. கூண்டை நாய் நுழையாத அறைக்கு மாற்றுங்கள். இதற்குப் பயிற்சி என்று ஒன்றை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரே அறையில் முயலையும் நாயையும் திறந்துவிட்டுப் படம் எடுப்பதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

கோழிக்குஞ்சுகளைப் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து வைத்தால் பருந்துக்கும் காக்கைக்கும் தப்பும், நாய்க்குத் தப்பாது. மூக்கால் ஒரு நெம்பு, அவ்வளவுதான். மேலே கல் வைத்தாலும் பெரிய நாய் தள்ளிவிடும். அடியிலும் பக்கத்திலும் கம்பி வலை அடித்த கூடு, கொக்கி போட்ட கதவு. கோழி மேயும் நேரம் நாய் கயிற்றில் அல்லது உள்ளே, நாய் திரியும் நேரம் கோழி கூட்டில் என்று நேரம் பிரித்துக்கொள்வதுதான் எங்கள் வீட்டு ஏற்பாடு.

ஒருமுறை கோழி பிடித்த நாய் மறுபடியும் பிடிக்கும், பிடிப்பதே அதற்குப் பரிசு. செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிடும் பழக்கம் கிராமங்களில் உண்டு. நாய்க்கு அதில் எதுவும் புரிவதில்லை. வேதனை மட்டும்தான் மிச்சம்.

நாய் கவ்விய முயலோ கோழியோ பூனையோ உயிரோடு இருந்தால், வெளியே ஒரு சின்னப் பல் ஓட்டைதானே என்று விட்டுவிடாதீர்கள். தோலுக்கு அடியில் சதை நசுங்கியிருக்கும், விலா முறிந்திருக்கும், இரண்டு நாளில் சீழ் பிடிக்கும். இருட்டான அட்டைப் பெட்டியில் துணி போட்டு வைத்து அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோங்கள். முயல் தின்பதை நிறுத்தி அரை நாள் ஆனாலே அது அவசரம்.

அறிகுறி 8: கடி விழுந்துவிட்டது, அல்லது நகம் கீறிவிட்டது

நாயை வேறு அறையில் அடையுங்கள். காயத்தைச் சோப்புப் போட்டு, குழாயில் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், பிள்ளை அழும்போது இரண்டு நிமிடமே பதினைந்தாகத் தோன்றும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய் எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டு போட வேண்டாம். ரத்தம் பீறிட்டால் மட்டும் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம் நேரே ஆஸ்பத்திரி. வீட்டு நாய்தான், ஊசி போட்ட நாய்தான், குட்டி நாய்தான் என்று எதையும் காரணமாக்கிக் காத்திருக்காதீர்கள். வெறிநோய்க்கு அறிகுறி வந்த பிறகு வைத்தியம் இல்லை. ரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி உண்டு. தோல் கிழிந்து ரத்தம் வந்தாலும், புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டாலும் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்தைச் சுற்றியே போட வேண்டும். பிள்ளைக்கு முகத்திலும் கழுத்திலும் விழுந்த கடி என்றால் இதைக் கேட்டு வாங்குங்கள். தோலில் போடும் முறையில் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களிலும், சதையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களிலும் வரும் (முதல் ஊசி போடும் நாள்தான் 0). அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். சந்தேகம் கேட்க 104. மூன்றாவது ஊசியோடு நிறுத்திவிடும் வீடுகள் அதிகம், தேதிகளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். பூனை கடித்தாலும் கீறினாலும் இதே நடைமுறைதான்.

நாயைக் கோபத்தில் தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். 10 நாள் அது கண்ணெதிரே, கதவுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அந்த 10 நாளும் நன்றாக இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இல்லை என்று டாக்டர் முடிவெடுக்க முடியும். காணாமல் போன நாயை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஊசியைத் தொடர்வதா நிறுத்துவதா என்பது டாக்டரின் முடிவு, நம்முடையது இல்லை.

இந்த நாட்களிலேயே கால்நடை மருத்துவரை வீட்டுக்கு வரவழைத்து வலி உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் வசதி இல்லை என்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. 10 நாள் முடிந்து கூட்டிப்போகலாம், போகும்போது மசில் என்கிற வாய்க்கூடு கட்டாயம். பயிற்சியாளரை அதற்குப் பிறகு தேடுங்கள். வந்ததும் முதல் வேலையாகக் கழுத்தை நெரிக்கும் சங்கிலியை எடுப்பவர், "யார் எஜமான் என்று காட்ட வேண்டும்" என்று பேசுபவர் வேண்டாம். எப்போது, எங்கே, யார் பக்கத்தில், முன்னால் என்ன நடந்தது என்று கேள்வி கேட்பவரைப் பிடியுங்கள்.

அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் அன்றிரவு ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: மணி என்ன, எந்த அறை, நாய் படுத்திருந்ததா நின்றதா, வாயில் அல்லது பக்கத்தில் என்ன இருந்தது, பிள்ளையின் கை எங்கே இருந்தது, உறுமியதா, கடித்துவிட்டு உடனே விட்டதா பிடித்து உலுக்கியதா, ஒரு கடியா பல கடியா, அந்த நிமிடம் பெரியவர்கள் ஒவ்வொருவரும் எங்கே இருந்தார்கள். கடைசிக் கேள்விக்கு யாரையும் குற்றம் சொல்லாமல், உள்ளது உள்ளபடி எழுதுங்கள். அடுத்த கதவை எந்த நிலைவாசலில் போடுவது என்பது அதிலிருந்துதான் தெரியும்.